பகடை வேண்டாம் என்றாள் காந்தா

1

இந்தக் கதை எனக்கு ஒரு நாயால் கிடைத்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. போன வருடம், எழுபத்தெட்டு ஆடி மாதம், செங்கழுநீரோடை வீதியில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த என் கணுக்காலை ஒரு செவலை நாய் கவ்வியது. மறுநாள் நாயைக் காணவில்லை. அதனால் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார்கள். தினம் ஒரு ஊசி. போட்டவர் மேரி என்கிற நர்ஸ். வயிற்றில் மருந்து இறங்கும்போது ஆட்கள் கத்தாமலிருக்க மேரி ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். என்னிடம் பேசியது இதை.

நான் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவன். அவ்வப்போது கதை எழுதுகிறவன். யாருடைய துக்கமாவது காதில் விழுந்தால் அதற்கு முதல் வரி தேட ஆரம்பித்துவிடுவேன். நல்ல பழக்கம் இல்லை.

(ஊசி முடிவதற்குள் கதையும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மேரிக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசி ஊசியை வேறொருவர் போட்டார். அவர் பேசவே இல்லை.)

2

முதல் வரிகள், எழுதி அடித்த வரிசையில்:

“தில்லை இறந்த பிறகு அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.” பொய். அவர்கள் குடியிருந்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி. கீழே தறி ஓடும் வீடு. சத்தமாகப் பேசாவிட்டால் அங்கே எதுவும் காதில் விழாது.

“அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதைத் திறந்தபோது” இதைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். பெட்டிக்குள் பிணம் இருப்பதுபோலத் தொனிக்கிறது.

“காந்தாவும் கலியாணசுந்தரமும் ஒருவரையொருவர் மிகவும்” இதற்கு மேல் என்ன போடுவது என்று தெரியவில்லை. நேசித்தார்களா? வெறுத்தார்களா? மேரியைக் கேட்டேன். “ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்புடுவாங்க சார். ஆனா மூஞ்சிய பாத்துக்க மாட்டாங்க” என்றார்.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கலியாணசுந்தரம் தொலைபேசி நிலையத்தில் மெக்கானிக். காந்தா நகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. ஒரே மகள். தில்லையம்மாள் என்று பாட்டியின் பெயரை வைத்துத் தில்லை என்று கூப்பிட்டார்கள். நான்கு வயது நிறையும் முன்பு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரில் ஒரு டாக்டரின் சிறிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மேரிக்கு அப்போது அங்கேதான் வேலை. மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து தகப்பனிடம் சொன்னார்: “இப்பவே மெட்ராஸுக்குக் கூட்டிக்கினு போனாலும் போகலாம். காலையில வரைக்கும் பாத்துட்டு, எறங்கலன்னா போனாலும் போகலாம். உங்க இஷ்டம்.” கலியாணசுந்தரம், “காலையில பாத்துக்கலாம் சார்” என்றார். மேரி ஊசித் தட்டுடன் பக்கத்தில் நின்றிருந்தார்.

குழந்தை காலை வரை இருக்கவில்லை.

முதல் பிரதியில் இந்த இடத்தை “மூளைக்காய்ச்சலில் இறந்துபோன மகள்” என்று ஒரு அடைமொழியோடு தாண்டிப் போயிருந்தேன். புரூஃபில் பிழை எதுவும் தெரியவில்லை. வெகு சுத்தமான வாக்கியம்.

3

பெட்டி வந்தது அடுத்த வருடம். கலியாணசுந்தரத்தோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். சாவுச் செய்தி அவருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. ஆறுதல் சொல்லத் தெரியாதவர்கள் செய்வதுபோல அவரும் ஒரு பொருளை அனுப்பிவைத்தார். அங்கே பையன்களும் வாத்தியார்களும் பைத்தியமாக ஆடும் ஆட்டமாம். பலகை கிடையாது, காய் கிடையாது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் வீரன், ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி. ஒருவர் மட்டும் வேடம் கட்டாமல் உலகத்தைச் சொல்வார்: இதோ மலை, இதோ கதவு, என்ன செய்கிறாய்? மற்றவர்கள் தாங்கள் செய்வதைச் சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். இருபது முகமுள்ள பகடை.

உலகத்தைச் சொல்கிறவர் கலியாணசுந்தரம். அவருக்குக் கூட ஆடிய நண்பர் ஆதிகேசவன் வைத்த பெயர் “கண்டக்டர்.”

ஆதிகேசவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. பக்கத்துத் தாமல் கிராமத்துக்காரர், நிலம் வைத்திருக்கும் குடும்பம், மின்வாரியத்தில் லைன்மேன், எப்போதும் சிரிப்பு. இப்படியொருவரைத் துக்கக் கதையில் வைத்தால் வாசகர் இளைப்பாறக் கொண்டுவந்ததுபோல் இருக்கும். இரண்டு பிரதிகளில் அவரை நீக்கிப் பார்த்தேன். ஆனால் பின்னால் மாடிப்படியில் யாராவது ஓட வேண்டியிருக்கிறது. ஓடியவர் அவர்தான். எனவே இருக்கட்டும்.

நான்காவது ஆள் மேரி. தில்லை போனபின் காந்தாவைப் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்தவர், அப்படியே ஆட்டத்திலும் உட்கார்ந்துவிட்டார். அவர் எடுத்த வேடம் திருடி. “வாரம் பூரா நர்ஸு சார். ஞாயித்துக்கெழமையாவது எதையாச்சும் திருடலாம்னுதான்.”

புத்தகத்தில் இருந்த பாதாளச் சுரங்கமெல்லாம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. நால்வரும் சேர்ந்து வேறு நாடு ஒன்றை உண்டாக்கினார்கள். அந்த நாட்டில் பாலாற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும். காந்தா ஓடக்காரி. வேடத்தைச் சொன்னபோது அவள் கூடவே இன்னொன்றும் சொன்னாள்: “ஓடத்துல ஒரு பொண்ணு இருக்குது. என் பொண்ணு.” பெயர் வைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

4

அந்த ஆட்டத்தின் விதிகளில் ஒன்று: ஆட்டத்துக்குள் ஒரு மாதம் கழிந்தால் ஒவ்வொருவருக்கும் நோய் வருகிறதா என்று பகடை போட வேண்டும். பல ஞாயிறுகள் அது ஒன்றும் செய்யாமல் உருண்டது. ஒரு ஞாயிறு விழுந்தது.

கலியாணசுந்தரம் எண்ணைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். ஒயர் நம்பர் படிக்கும் குரலில் படித்தார்.

“ஓடக்காரியோட பொண்ணு. ஜுரம். கடுமை.”

“வேற போடுங்க” என்றாள் காந்தா.

“போட்டது போட்டதுதான். ரூல்.”

“குழந்தைங்க அது.”

“ரூல்ல கொழந்த, பெரியவங்கன்னு இல்ல காந்தா. எல்லாருக்கும் ஒரே பகடை.”

ஆதிகேசவன் குறுக்கே வந்தார். “அண்ணே, செல்லாதுன்னு வெச்சிக்கலாம்ணே. தாயத்துல கட்டத்துக்கு வெளிய உருண்டா எடுத்துத் திருப்பிப் போடறதில்லையா?”

“மேஜை மேலதாம்பா விழுந்துச்சு.”

“அண்ணிக்காகண்ணே.”

“ஒருத்தருக்காக மாத்துனா அப்பறம் பகடை எதுக்கு?”

காந்தா கத்தவில்லை. “எனக்கு இந்த ஆட்டம் வேணாம். வேற ஆட்டம் பாருங்க” என்று மட்டும் சொன்னாள். எழுந்து போய் எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள்.

(கலியாணசுந்தரத்தைக் கல்நெஞ்சன் என்று எழுத எளிதாக இருந்திருக்கும். எழுதியும் பார்த்தேன். ஆனால் அன்று பகடையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டவர், காந்தா வைத்த காபியைத் தொடவே இல்லை என்று மேரி சொல்கிறார். பகடை போட்டு நடந்தால் அது யாரும் செய்ததில்லை. ஜுரம் வந்தது, கடுமையாயிற்று, அவ்வளவுதான். அவருக்கு அப்படி ஒரு உலகம் தேவைப்பட்டது. அவளுக்கு அதுதான் சகிக்கவில்லை. யாரும் செய்யாமல் தன் மகள் போனாள் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?)

5

வேறு ஆட்டம் பார்த்தார்கள்.

அமெரிக்க நண்பர் பின்னால் இன்னொரு சின்னப் புத்தகமும் அனுப்பியிருந்தார். வேறு கம்பெனி, வேறு முறை. அதில் ஆரம்பத்திலேயே எல்லோருக்கும் சமமாகப் புள்ளிகள் கொடுத்துவிடுவார்கள். பலத்துக்கு இவ்வளவு, புத்திக்கு இவ்வளவு, உடம்புக்கு இவ்வளவு என்று அவரவர் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது.

ஆதிகேசவனுக்குப் பிடித்துப்போயிற்று. “ரேஷன் மாதிரி இருக்குது. எல்லாருக்கும் ஒரே அளவு. வம்பில்ல.”

“வம்பு இருக்குது” என்றார் மேரி. “ஒடம்புக்குக் கம்மியாப் போட்டவன் செத்தா, நீதான போட்டேன்னு சொல்லிடலாம். ஆஸ்பத்திரில தெனம் அதத்தான் சொல்றாங்க. நீ ஏன் முன்னாடியே வரல, நீ ஏன் கொழந்தைக்குச் சரியா சோறு போடல.”

காந்தா யோசித்தாள். “பொண்ணுக்கு யாரு பங்கு போடுவாங்க?”

“அம்மாதான்” என்றார் ஆதிகேசவன். சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப இதுவும் வேணாம்.”

மூன்றாவதைக் காந்தாவே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விளக்குவதுபோலச் சொன்னாளாம். பகடை கிடையாது. புள்ளி கிடையாது. யாருக்கு எது நடக்க வேண்டுமானாலும் மேஜையில் இருக்கிற ஒருவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லும் முன் “நான் சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் விதி.

“இது வெளையாட்டே இல்ல” என்றார் கலியாணசுந்தரம். “யாரோ ஒருத்தர் மனசுல தோணுனது.”

“ஆமா. யாரோ ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருன்னு தெரியணும் எனக்கு.”

கை தூக்கச் சொன்னார்கள். நால்வரும் தூக்கினார்கள். ஆமாம், அவரும். என்னால் இதை நம்ப முடியவில்லை. மூன்று பிரதிகளில் அவர் கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்தேன். மேரி ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னார்: “தூக்குனாரு சார். நான் பாத்தேன். மொதல்ல தூக்குனதே அவருதான்.”

ஏன் தூக்கினார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஒரு பத்தி எழுதி, கிழித்துவிட்டேன்.

6

கருட சேவைக் கூட்டம் ஊரை விட்டு வடிந்திருந்த ஒரு ஞாயிறு மத்தியானம் புது முறையில் ஆடினார்கள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே தறிக்கு விடுமுறை அமாவாசையன்றுதான், ஞாயிறுக்கு இல்லை.

காந்தா சுற்றி வளைக்கவில்லை. ஆட்டத்தில் மற்ற எல்லா மனிதர்களுக்காகவும் பேசுவது கண்டக்டர் என்பதால் வைத்தியரும் அவர்தான். ஓடக்காரி வைத்தியரிடம் வந்தாள்.

“வைத்தியரே, பொண்ணுக்கு ஜுரம் எறங்கல. ஆத்தத் தாண்டிப் பெரிய ஊருக்கு இப்பவே கூட்டிக்கினு போகவா? இல்ல விடியற வரைக்கும் பாக்கலாமா?”

மேரி தலையைக் குனிந்துகொண்டார். ஆதிகேசவனுக்கு அந்தக் கேள்வி எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. ஆனாலும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

கலியாணசுந்தரத்தின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பகடையை வெளியே எடுத்தார். ஆதிகேசவன் மெதுவாக அதை அவர் உள்ளங்கையிலிருந்து எடுத்துக்கொண்டார். “இது கெடையாதுண்ணே இப்ப.”

கலியாணசுந்தரம் வெறும் உள்ளங்கையை மேஜைமேல் வைத்தார்.

“நான் சொல்றேன்” என்றார் கலியாணசுந்தரம். “இப்பவே போ. ஓடத்த எடு.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான் சொல்றேன், நான் சொல்றேன் என்று சொல்லிச் சொல்லிப் போனார். நான் சொல்றேன், ஆத்துல தண்ணி வேகம், ஆனா ஓடம் கவுறல. நான் சொல்றேன், பொண்ணு மடியிலதான் இருக்குது, மூச்சு இருக்குது. நான் சொல்றேன், எதிர்க்கரையில ஆளுங்க நிக்கிறாங்க, குழந்தைய வாங்கிக்கிறாங்க. நான் சொல்றேன், பெரிய வைத்தியர் பாக்கறாரு, சரியான நேரத்துக்குக் கொண்டாந்தீங்கன்றாரு. நான் சொல்றேன், கண்ணு முழிச்சிடுச்சு.

காந்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். “முழிச்சு என்ன கேட்டா?”

“தண்ணி கேட்டா.”

“குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க. குடிச்சா. இன்னும் வேணும்னா.”

காந்தா சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள். “அந்த அக்கா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல சார்” என்றார் மேரி. அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கேட்டாளாம்:

“இவ்ளோ சுளுவா வருதே உங்களுக்கு. அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப ஏங்க வரல?”

கலியாணசுந்தரம் எழுந்தார். செருப்புப் போடாமல் மாடிப்படி இறங்கினார். ஆதிகேசவன் பின்னால் ஓடினார். தெருக்கோடியில் சைக்கிள் கடைப் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். ஆதிகேசவன் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டார். அங்கே அவர் சொன்னது இது, ஆதிகேசவன் பிறகு மேரியிடம் சொன்னபடி:

“தூக்கம் வந்துச்சு ஆதி. அவ்ளோதான். மூணு நாளா கண்ணு மூடல. மெட்ராஸுன்னதும் கால் நகரல. கொஞ்சம் தூங்கிட்டுப் போலாம்னு இருந்துச்சு. தூங்குனேன்பா. பெஞ்சுல படுத்துத் தூங்கிட்டேன்.”

ஆதிகேசவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. “டீ சாப்புடறியாண்ணே” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு மேரியும் ஆதிகேசவனும் போனபோது காந்தா கதவைத் திறந்தாள். “அவரு இல்ல. தருமபுரிக்கு மாத்தல் கேட்டிருக்காரு. பாக்கப் போயிருக்காரு.” அந்த மாதமே அவர் போய்விட்டார். நீ வா என்று அவர் சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

மேரி எனக்குச் சொன்னது இதுவரைதான்.

7

முடிவுகள்.

அ) கலியாணசுந்தரம் தருமபுரியிலிருந்து ஒரு பொங்கலுக்கு வருகிறார். காந்தா கதவைத் திறக்கிறாள். இருவரும் முதன்முறையாகச் சேர்ந்து அழுகிறார்கள். (பத்திரிகை ஆசிரியர் இதை உடனே போட்டுவிடுவார். படம் வரைய நல்ல இடம். நான்தான் இதை எழுதிவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.)

ஆ) காந்தா தருமபுரிக்குப் பஸ் ஏறுகிறாள். பாதியில், ஆற்காட்டில், இறங்கி (இறங்கி என்ன செய்கிறாள்? தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவளை நிறுத்திவைத்துவிட்டு நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் அங்கே எத்தனை நாள் நின்றாளோ.)

இ) இருவரில் ஒருவர் சாகிறார். (எழுதுகிறவனுக்கு வேறு வழி தெரியாதபோது கொல்லுவான். இந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு இருக்கிறது.)

ஈ) அமெரிக்க நண்பர் திரும்பி வந்து

8

எதுவும் நிற்கவில்லை என்பதால் இந்த ஆனியில் காந்தாவையே பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இன்னும் அழுது ஓயவில்லை. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார் காந்தா. நான் நினைத்திருந்ததைவிட உயரம். என்னை யாரென்று சொன்னேன். மேரி பெயரைச் சொன்னேன். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“உங்க கதையில குழந்தைக்கு என்ன ஆவுது சார்?”

“இறந்துபோகிறாள்.”

“ஏன்?”

“நடந்தது அதுதானேம்மா.”

“நடந்தது எனக்குத் தெரியும். கதைய நீங்கதான எழுதறீங்க. அதுல ஏன் சாவறான்னு கேக்கறேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உண்மைக்கு நேர்மையாக, கலைக்கு, என்றெல்லாம் வார்த்தைகள் தயாராக இருந்தன. இடுப்பிலிருந்த குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. 

காந்தா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“மேரி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியிருக்க மாட்டா. அவளுக்கே தெரியாது. அன்னிக்கு டாக்டர் கேட்டாரு பாருங்க, நான் உள்ளதான் இருந்தேன். நடுவுல ஒரு தெரைதான். ரெண்டு பேர் பேசுனதும் காதுல விழுந்துச்சு. காலையில பாத்துக்கலாம்னு அவரு சொன்னாரு இல்ல, நான் வெளிய வந்து வேணாம், இப்பவே போலாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவரு சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேனா, எனக்கும் தூக்கமா, என்னன்னு தெரியல. அப்பறம் ரெண்டு வருஷம் அவரு வாயில இருந்து வரணும்னு காத்துக்கினு இருந்தேன். வரவெச்சேன். சபையில வெச்சுக் கேட்டேன். என்னுத நான் சொல்லவே இல்ல. அதுக்குள்ள அவரு படி எறங்கிட்டாரு.”

“அவரிடம் பிறகு சொன்னீர்களா?”

“எங்க சொல்றது?”

தருமபுரி ஒன்றும் அயல்நாடு இல்லை. அதை நான் சொல்லவில்லை.

“இருந்திருந்தா போன வருஷம் என் கிளாஸுல இருந்திருப்பா” என்றார். “இப்ப ரெண்டாவது. பக்கத்து ரூம். அந்த டீச்சர் ரொம்ப அடிப்பாங்க.”

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். காந்தா இரண்டடி போய்த் திரும்பினார்.

“எழுதுங்க. விதின்னு மட்டும் எழுதாதீங்க. அவரு திரும்பி வந்தாருன்னு எழுதாதீங்க.” குழந்தையின் மூக்கை முந்தானையால் துடைத்தார். “வரலைன்னும் எழுதாதீங்க.”

வகுப்புக்குள்ளிருந்து பிள்ளைகள் இழுத்து இழுத்து வணக்கம் சொல்லும் குரல் கேட்டது. உக்காருங்க, உக்காருங்க என்றார் காந்தா. ஒரு குழந்தை மட்டும் உட்கார மறுத்து அழுதுகொண்டிருந்தது. அழுகை நிற்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நிற்கவில்லை. அச்சகத்துக்கு நேரமாகிவிட்டது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வந்தார் என்று எழுதக்கூடாது, வரவில்லை என்றும் எழுதக்கூடாது. என்னிடம் வேறு வாக்கியம் இல்லை. உங்களிடம் ஒன்று இருக்கலாம். இருந்தால் இதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள், இடம் விட்டிருக்கிறேன். எழுதும் முன் ஒரு தரம் அந்தப் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, அந்த அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.